டர்போ காடியின் மூச்சு எங்கே போகிறது?

அச்சாணி இல்லாத தேர் முச்சாண்கூட ஓடாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தேரின் உயரத்துக்கும் அலங்காரத்துக்கும் முன்னால் அச்சாணி ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அது கழன்று விழுந்த அன்றுதான் அதன் அருமை தெரியும். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் காடிக்கும் இப்படி ஓர் அச்சாணி உண்டு. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கறுப்பு ரப்பர் குழாய் அது. பட்டறையில் அதை 'வாக்யூம் ஹோஸ்' என்பார்கள். அது ஒரு முனையில் கழன்று கிடந்தால், நல்ல காடி கிழட்டு மாடு போல மூச்சு வாங்கும். மேட்டில் ஏற மறுக்கும். சில சமயம் பிரேக்கையும் பலவீனப்படுத்திவிடும்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் காடி வைத்திருந்தவர்கள் துரையும் பெரிய கிராணியும்தான். மற்றவர்களுக்குச் சைக்கிளும், மாதம் ஒரு முறை பட்டணத்துக்குப் போகப் பேருந்தும் போதுமானதாக இருந்தன. இன்று நிலைமை வேறு. அப்பா செம்பனைக் காட்டுக்குப் போகிறார், அம்மா பட்டணத்துத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் தூரத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். உட்புறத் தோட்டங்களுக்குப் பேருந்து வருவது அரிது. ஆகவே காடி என்பது பலருக்கு ஆடம்பரம் அல்ல. அது படுத்துவிட்டால் அன்றைய கூலியும் படுத்துவிடும்.

அந்தக் காடிகளில் இப்போது டர்போ பொருத்தியவை பெருகிவிட்டன. புரோட்டோன் நிறுவனம் 2011-ஆம் ஆண்டு இறுதியில் எக்சோரா போல்ட் என்ற ஏழு பேர் அமரும் காடியில் 1.6 லிட்டர் டர்போ இயந்திரத்தை வைத்தது. 2012-இல் பிரேவே வந்தது. 2020-இல் எக்ஸ் 50 வந்தது. 2021-இல் பெரோடுவா நிறுவனம் அத்திவா என்ற காடியில் 1 லிட்டர் டர்போ இயந்திரத்தைத் தந்தது. இவற்றுள் முன்னால் வந்தவை பல கை மாறி, பழைய காடிகளாக இன்று தோட்டப்புறத்துக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

காடி இழுக்கவில்லை என்று பட்டறைக்குப் போனால், "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற ஒரு வார்த்தை காதில் விழலாம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டிலிருந்து 1,700 வெள்ளி. டர்போவை மாற்றினால் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விடலாம். ஆனால் நோய் டர்போவில் இல்லாமல், சில வெள்ளி விலையுள்ள குழாயில் இருக்கலாம். அதனால் டர்போவில் கை வைக்கும் முன்னர் குழாய்களைப் பார்த்துவிட வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறோம்.

உறிஞ்சும் மூச்சும் ஊதும் மூச்சும்

காடியின் இயந்திரம் ஓடுவதற்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். உள்ளே இருக்கும் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. நாம் எண்ணெய் மிதிக்காமல் நிற்கும்போது, காற்று வரும் வாயில் ஒரு தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். இயந்திரமோ உறிஞ்சிக் கொண்டே இருக்கும். அதனால் அந்தத் தகட்டுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள அறையில் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். இந்த உறிஞ்சு விசையைத்தான் வாக்யூம் என்கிறோம்.

இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். குழலில் ஒரு சிறு துளை இருந்தால் வாயில் இளநீர் வராது, காற்றுதான் வரும். இயந்திரத்துக்கும் அதே கதிதான். எங்கோ ஒரு குழாய் கழன்றிருந்தால், கணக்கில் வராத காற்று அந்த வழியே உள்ளே நுழையும். பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு கெட்டுப்போகும்.

சாதாரணக் காடியில் கதை இத்துடன் முடிந்தது. டர்போ காடியில் இன்னொரு பாதி இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், செவ்ரலே கோர்வேர் ஆகிய இரு காடிகளில் இது முதன்முதலாக மக்கள் கைக்கு வந்தது. வேலை செய்யும் விதம் எளிதானது. வெளியே போகும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் புதுக் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. அது நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது.

எவ்வளவு அழுத்தம் என்று கேட்பீர்கள். காடி டயருக்கு ஏறக்குறைய 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 பவுண்டு அளவுக்கு, பல டர்போக்கள் காற்றை இயந்திரத்துக்குள் திணிக்கின்றன. ஆகவே, நிற்கும்போது உறிஞ்சும் அதே அறையில், மேட்டில் ஏறும்போது காற்று வெளியே தள்ளத் துடிக்கும். அங்கிருந்து கிளம்பும் ரப்பர் குழாய் நிமிடத்துக்கு நிமிடம் உறிஞ்சலையும் ஊதலையும் மாறி மாறித் தாங்க வேண்டும். கழன்ற குழாய் டர்போ காடிக்கு இரட்டை நட்டம் தருவது இதனால்தான். நிற்கும்போது வேண்டாத காற்று உள்ளே வரும். ஓடும்போது வேண்டிய காற்று வெளியே போகும்.

எந்தக் குழாய் கழன்றால் என்ன ஆகும்?

எல்லாக் குழாயும் ஒரே வேலை செய்வதில்லை. நோயின் குறியைப் பார்த்தே எந்தக் குழாய் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பிரேக் பூஸ்டர் குழாய்: இது மற்றவற்றைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும். பெட்ரோல் காடிகள் பலவற்றில் நம் காலின் பலத்தைப் பெருக்கித் தருவது இந்த வாக்யூம்தான். இது கழன்றால் பிரேக் மிதி கல் போல இறுகிவிடும். பிரேக் அடியோடு இல்லாமல் போகாது, ஆனால் முழு பலத்தோடு மிதித்தால்தான் காடி நிற்கும். இதில் சந்தேகம் வந்தால் காடியை ஓட்டவே கூடாது.

வேஸ்ட்கேட் குழாய்: டர்போ அளவுக்கு மீறிச் சுழலாமல் காக்கும் கதவுக்குப் பெயர் வேஸ்ட்கேட். பல பெட்ரோல் காடிகளில் டர்போவின் காற்றழுத்தமே சிறு குழாய் வழியாகச் சென்று அந்தக் கதவைத் திறக்கிறது. குழாய் கழன்றால் கதவு திறக்காது, அழுத்தம் எல்லை மீறும். காடி திடீரென்று வேகமாகப் பாய்ந்து, உடனே வெட்டி இழுக்கும். இயந்திரத்தைக் காப்பாற்றக் கணினி பெட்ரோலை நிறுத்துவதால் ஏற்படும் வெட்டு அது. "முன்பைவிட நன்றாக இழுக்கிறதே" என்று யாரும் மகிழ வேண்டாம். பிஸ்டன் உருகிப் போகும் வழி அதுதான்.

திசைமாற்று வால்வுக் குழாய்: நாம் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்ததும் மிஞ்சிய அழுத்தக் காற்றை வேறு வழியில் விடும் வால்வு ஒன்று உண்டு. அதைத் திறக்கவும் மூடவும் ஒரு குழாய் இயந்திரத்தின் காற்றறையிலிருந்து போகும். இது கழன்றால் வால்வு தவறான வேளையில் திறந்து கொள்ளும். டர்போ தள்ளும் காற்று இயந்திரத்துக்குப் போகாமல் சுற்றி வரும், காடியில் இழுவை இருக்காது.

பெட்ரோல் அழுத்தச் சீரமைப்புக் குழாய்: பழைய டர்போ காடிகளில் இது இருக்கும். காற்றழுத்தம் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிக் கொடுப்பது இதன் வேலை. கழன்றால் மேட்டில் ஏறும்போது பெட்ரோல் பற்றாமல் போகும். இதுவும் இயந்திரத்தை உருக்கும் வேலைதான்.

பிக்கப்புக்கும் லோரிக்கும் ஒரு வார்த்தை: டீசல் இயந்திரங்களில் பெட்ரோல் இயந்திரத்தைப் போல் உறிஞ்சு விசை உண்டாவதில்லை. ஆகவே தனியாக ஒரு வாக்யூம் பம்பு வைத்திருப்பார்கள். பல டீசல் பிக்கப்புகளில் அந்தப் பம்பின் விசைதான் டர்போவின் சிறகுகளை நகர்த்துகிறது. அங்கே குழாய் கழன்றால் பெட்ரோல் காடிக்கு நேர்மாறாக, அழுத்தம் ஏறவே ஏறாது. வண்டி சுமையோடு மேட்டில் நின்றுவிடும். அதே பம்பு பிரேக்குக்கும் விசை தருவதுண்டு என்பதை மறக்கக்கூடாது.

ரப்பர் ஏன் கைவிடுகிறது?

ரப்பரைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை அது. விடியற்காலையில் மரம் சீவி, மங்கில் பால் எடுத்து, நம் பாட்டன் பாட்டிமார் வளர்த்த தொழில். அந்தப் பால்மர ரப்பர் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். அந்தக் குணத்தில் அதற்கு ஈடு இல்லை. ஆகாய விமானச் சக்கரங்களுக்கு இன்றும் அதைத்தான் நாடுகிறார்கள்.

ஆனால் அதற்கு மூன்று எதிரிகள் உண்டு. எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். சூட்டில் கெட்டுப்போகும். காற்றிலுள்ள ஓசோன் என்ற வாயு பட்டால் வெடிப்பு விடும். சமையலறை இழுப்பறையில் நெடுநாள் கிடந்த ரப்பர் வளையத்தை இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்துவிடும். ஆகவே இயந்திரத்தின் பக்கத்திலுள்ள குழாய்களைச் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். எண்ணெய் ஆவி படும் இடத்துக்கு நைட்ரில், சூடு அதிகமான இடத்துக்கு சிலிக்கோன், மற்ற இடங்களுக்கு ஈ.பி.டி.எம். என்று வகை வகையாக உண்டு.

இவையும் சிரஞ்சீவி அல்ல. டர்போ இருக்கும் இடம் அடுப்படி. அதனுள் பாயும் புகையின் சூடு முழு வேகத்தில் 800 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்த அனலில் ஆண்டுக்கணக்கில் வெந்த குழாய் இறுகிப் போகும். முலைபோல் நீண்டிருக்கும் முனையில் குழாயை இழுத்து மாட்டியிருப்பதால், அந்த நுனிதான் எப்போதும் விரிந்த நிலையில் இருக்கும். விரிந்த ரப்பர்தான் முதலில் வெடிக்கும். ஆகவே வெடிப்பை நடுவில் தேடுவதற்கு முன் நுனியில் தேடுங்கள்.

தோட்டப்புறத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் எலி. செம்பனைப் பழத்தைத் தின்ன வரும் எலிகளைப் பிடிக்கவே பல தோட்டங்களில் ஆந்தைகளுக்குப் பெட்டிக்கூடு வைத்து வளர்க்கிறார்கள். அந்த எலி, இரவில் சூடாக நிற்கும் காடியின் பானட்டுக்குள் புகுந்து படுத்து, வயரையும் குழாயையும் கடித்துப் பார்க்கும். பல் தடம் இருந்தால் குழாயை மட்டும் மாற்றிப் பயனில்லை. அருகிலுள்ள வயர்களையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது மனிதக் கையின் மறதிதான். பிளக் மாற்றும்போதோ, காற்று வடிகட்டி துடைக்கும்போதோ, பேட்டரி மாற்றும்போதோ வழியில் நிற்கும் குழாயைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது ஒன்று விட்டுப்போகும், அல்லது அரைகுறையாக மாட்டப்படும்.

தேடத் தொடங்குவோம்

முதலில் பாதுகாப்பு. காடியைச் சமதரையில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டால் நச்சுப் புகை ஆளைக் கொன்றுவிடும். கை பிரேக் போடுங்கள். ஓடி வந்த காடியானால் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் சுழலும் பெல்ட்டின் பக்கம் போகக்கூடாது. இயந்திரம் நின்றிருந்தாலும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் காடிகள் உண்டு. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முதல் படி, கேள்வி. இந்தக் குறை எந்த நாளில் தொடங்கியது? அதற்கு முன் யார், எங்கே கை வைத்தார்கள்? கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் தேடலைத் தொடங்க வேண்டும். பாதி வழக்கு இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி, கண். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நல்ல டார்ச் லைட்டும் ஒரு சிறு முகக் கண்ணாடியும் எடுத்துக் கொள்ளுங்கள். எதையும் தொடுமுன் கைத்தொலைபேசியில் நாலு பக்கமும் படம் பிடியுங்கள். பிறகு இரண்டு பொருளைத் தேடுங்கள். ஒன்று, குழாய் இல்லாத முனை. மற்றொன்று, முனை இல்லாத குழாய். பல நாள் குழாய் மூடியிருந்த முனை சுத்தமாக, வளையத் தடத்தோடு இருக்கும். சுற்றிலும் தூசி படிந்திருக்க அது மட்டும் பளிச்சென்றிருந்தால், அங்கே சமீபத்தில்தான் குழாய் கழன்றிருக்கிறது. கண்ணாடியை இயந்திரத்தின் பின்புறத்திலும் அடிப்புறத்திலும் நீட்டிப் பாருங்கள். கழன்ற குழாய் பெரும்பாலும் கண்ணுக்கு நேராக இருப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. திறந்து கிடக்கும் குழாய் எல்லாம் பழுது அல்ல. பேட்டரியிலிருந்தும் கியர் பெட்டியிலிருந்தும் ஆவி போவதற்குத் திறந்தபடியே விடும் குழாய்கள் உண்டு. அவற்றைக் கண்ட முனையில் மாட்டிவிட்டால் புது வம்பு வரும். அதேபோல், ரப்பர் மூடி போட்டு அடைத்த முனைகளும் இருக்கும். அந்த மூடி வெடித்திருந்தால் அதுவும் ஒட்டைதான். காடியின் பானட்டுக்கு அடியில் குழாய்ப் படம் ஒட்டியிருந்தால் அதைப் பார்த்துச் சரிபாருங்கள்.

மூன்றாம் படி, விரல். ஒவ்வொரு குழாயையும் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை தடவிப் பாருங்கள். நுனியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல குழாய் பிடிவாதமாக நிற்கும். அடிப்புறத்தை விரலால்தான் படிக்க முடியும். இறுகிப்போனதும், பிசுபிசுவென்று உப்பியதும் மாற்ற வேண்டியவை.

நான்காம் படி, காது. இயந்திரத்தை ஓடவிட்டு, எண்ணெய் மிதிக்காமல் கேளுங்கள். பாம்பு சீறுவது போல 'ஸ்ஸ்' என்று ஒலி வரும். இடம் தெரியாவிட்டால் ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறு முனையை இணைப்புகளின் அருகில் கொண்டு போங்கள். டாக்டரின் குழாய் போல அது ஒலியைக் காட்டிக் கொடுக்கும். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் எட்டியே கை இருக்கட்டும்.

ஐந்தாம் படி, நெரிப்பு. வளையும் குழாய்களைத் துணி சுற்றிய குறடால் ஒவ்வொன்றாக மெதுவாக நெரியுங்கள். எந்தக் குழாயை நெரிக்கும்போது சீறல் அடங்கி இயந்திரத்தின் நடுக்கம் குறைகிறதோ, அந்தக் குழாயில் அல்லது அதற்கு அப்பால்தான் ஒட்டை. இறுகிய பழைய குழாயைப் பலமாக நெரித்தால் உடைந்துவிடும், கவனம்.

ஆறாம் படி, நீர்த்துளி. சந்தேகமான இணைப்பில் சவுக்காரத் தண்ணீரைச் சிறிதளவு தெளியுங்கள். ஒட்டை இருந்தால் நீரை உறிஞ்சிக் கொள்ளும், சீறல் மாறும். மின் இணைப்புகளிலும், சூடான டர்போவிலும் தெளிக்காதீர்கள். சிலர் பெட்ரோலையோ, கார்புரேட்டர் கழுவும் திரவத்தையோ பீய்ச்சிப் பார்க்கச் சொல்வார்கள். டர்போ காடியில் அந்த வேலையே வேண்டாம். சூடான இரும்பில் ஒரு துளி பட்டால் காடியே தீப்பற்றி எரியும்.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால் பட்டறையில் 'ஸ்மோக் டெஸ்ட்' கேளுங்கள். காற்றுப் பாதைக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்துவார்கள். ஒட்டை இருக்கும் இடத்தில் புகை சுருள் சுருளாக எழும்.

கணினி சொல்லும் சாட்சி

இயந்திர விளக்கு எரிந்தால் பட்டறையில் ஒரு கருவியை மாட்டி எண் ஒன்றைச் சொல்வார்கள். பி 0171 என்றால் கலவையில் காற்று அதிகம். பி 0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. பி 0234 என்றால் அழுத்தம் எல்லை மீறிவிட்டது. இவை நோயின் குறிகள்தாம். எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்ற தீர்ப்பு அல்ல. பி 0299 வந்தவுடன் டர்போவை மாற்றுவது, இருமல் வந்தவுடன் நுரையீரலை மாற்றுவது போன்றது.

வாக்யூம் அளக்கும் கருவியும் உண்டு. ஆரோக்கியமான பெட்ரோல் இயந்திரம் சமவெளியில் நிற்கும்போது பொதுவாக 17 முதல் 22 அங்குலம் வரை காட்டும். முள் அதற்குக் கீழே இறங்கி நின்றால் ஒட்டையைச் சந்தேகிக்கலாம். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே காற்றே மெலிந்தது. அதனால் நல்ல இயந்திரமும் 4 அங்குலத்துக்கு மேல் குறைவாகக் காட்டும். அது பழுது அல்ல.

ஒரு வழக்கைத் தீர்ப்போம்

பயிற்சிக்காக ஒரு காடியைக் கற்பனை செய்து கொள்வோம். போன வாரம் பிளக் மாற்றிய டர்போ காடி. இப்போது நிற்கும்போது நடுங்குகிறது, சீறுகிறது. மேட்டில் இழுவை இல்லை. பிரேக் மட்டும் சரியாக இருக்கிறது. "டர்போ போய்விட்டது" என்கிறார் ஒருவர்.

யோசித்துப் பாருங்கள். டர்போ மட்டும் கெட்டிருந்தால் இழுவை குறையலாம். ஆனால் டர்போ வேலையே செய்யாத நேரத்தில், அதாவது நிற்கும்போது, இயந்திரம் ஏன் நடுங்க வேண்டும்? சீறல் ஏன் வர வேண்டும்? இரண்டு குறியையும் ஒருசேரக் காட்டக்கூடியது எது? இயந்திரத்தின் காற்றறையிலிருந்து திசைமாற்று வால்வுக்குப் போகும் குழாய். அது காற்றறையின் பக்கம் கழன்றால், நிற்கும்போது திறந்த முனை வழியே காற்று உள்ளே நுழையும். அதுதான் நடுக்கமும் சீறலும். மேட்டில் ஏறும்போது வால்வை மூடி வைக்கும் அழுத்தம் அதற்குப் போய்ச் சேராது. வால்வு திறந்து டர்போவின் காற்றை வீணாக்கும். அதுதான் இழுவைக் குறைவு. பிரேக் குழாய் வேறு என்பதால் பிரேக் சரியாகவே இருக்கும்.

பிளக் மாற்றிய இடத்தைச் சுற்றிக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தால், பளிச்சென்ற ஒரு முனையும், சற்றுத் தள்ளித் தொங்கும் ஒரு குழாயும் தெரியும். இவ்வளவுதான் வழக்கு. குறிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால், ஆயிரக்கணக்கான வெள்ளி செலவு சில வெள்ளியில் முடியும்.

மாட்டும் முறை

குழாய் இன்னும் மென்மையாக இருந்து, நுனி மட்டும் வெடித்திருந்தால், நீளம் இடம் கொடுக்குமானால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டலாம். இறுகியிருந்தால் புதிது வாங்குங்கள். பழைய துண்டைக் கையோடு கொண்டு போய், அதே உள்விட்டமும் அதே தடிமனும் உள்ளதைக் கேளுங்கள். மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடிக் குழாய் வேண்டாம், அனலில் இளகி உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு டேப் சுற்றுவதும் வேண்டாம், எண்ணெயும் சூடும் பட்டால் ஒரு வாரத்தில் அவிழ்ந்துவிடும். மருந்து அடிக்கும் பம்பின் குழாயைக் கயிற்றால் கட்டிச் சமாளிப்பது போல இங்கே சமாளிக்க முடியாது.

மாட்டும்போது எண்ணெய் தடவாமல் சிறிது தண்ணீர் தொட்டு மாட்டுங்கள். முனையில் முழுதும் ஏறும்வரை தள்ளி, கிளிப் போடுங்கள். டர்போ அழுத்தம் வரும் குழாய்க்குக் கிளிப் இல்லாமல் விடவே கூடாது. வழியில் ஒருவழி வால்வு இருந்தால், அது முன்பு எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் வையுங்கள். நீங்கள் எடுத்த படம் இங்கே கை கொடுக்கும்.

பிறகு பிரேக் சோதனை. இயந்திரம் நிற்கும்போது மிதியை நாலைந்து முறை அழுத்துங்கள், அது இறுகும். அப்படியே காலை வைத்துக்கொண்டு இயந்திரத்தைக் கிளப்புங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வாக்யூம் போகிறது. இறங்காவிட்டால் காடியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பட்டறையில் பேசும் முறை

எல்லாரும் பானட்டைத் திறந்து வேலை செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் எல்லாரும் கேள்வி கேட்கலாம். "அண்ணே, டர்போவைக் கழற்றுவதற்கு முன்னே ஹோஸ் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார். செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அநியாயம் நடந்துவிட்டால் வாயடைத்து வர வேண்டியதில்லை. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில் அங்கே பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. சிங்கப்பூரில் உள்ளவர்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கிறது. பற்றுச்சீட்டும் பழைய சாமானும்தான் அங்கே நமக்குச் சாட்சி.

காடியில் ஒரு டார்ச் லைட், ஒரு சிறு கண்ணாடி, ஒரு மீட்டர் குழாய், நாலு கிளிப் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று டயருக்குக் காற்று அடிக்கும்போது பானட்டையும் திறந்து குழாய்களைத் தடவிப் பாருங்கள். அப்போது மகனை மட்டும் அல்ல, மகளையும் அருகில் அழைத்துக் காட்டுங்கள். இரவு வேலை முடிந்து இருட்டுச் சடக்கில் தனியாகக் காடி ஓட்டி வரப் போவது அவளாகவும் இருக்கலாம்.